முன்பே தெரிந்திருக்க வேண்டாமா?

சிங்கப்பூரின் தேக்கா சந்தையை ஒட்டிய பஃப்ளோ சாலையில் காலையிலேயே மல்லிகைச் சரங்கள் தொங்கத் தொடங்கிவிடும். அந்த வழியாக லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்துக்குப் போகும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். வயது 23. மருந்துக்கடை ஒன்றில் வேலை. இவள் உண்மையான ஆள் அல்ல. இந்த அத்தியாயத்துக்காக நான் உருவாக்கிக்கொண்டவள், ஆகவே பெயர் தேவையில்லை. இவளுக்கு நடப்பவை மட்டும் மனநல ஆய்வுகளில் திரும்பத் திரும்பப் பதிவானவை.

இரண்டு வருடக் காதல். வீட்டுக்குத் தெரியாது. முதலில் அவன் கைப்பேசியின் பாஸ்வேர்டைக் கேட்டான். "மறைக்க ஒண்ணும் இல்லன்னா குடுக்க என்ன?" தோழிகளிடம் சொன்னாள். "கொஞ்சம் பொசசிவ்டி, அவ்வளவுதான்" என்றார்கள். பிறகு யாரோடு பேசினாய், ஏன் இந்த உடுப்பு, ஏன் பதில் போட இருபது நிமிஷம் என்று விசாரணை. பிறகு தள்ளிவிடுவது, அப்புறம் அறை. ஓர் இரவு வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) பலமாடி கார் நிறுத்துமிடத்தின் படிக்கட்டில் அவன் கழுத்தைப் பிடித்து நெரித்தான். அடித்த மறுநாள் தவறாமல் பூ வாங்கி வருவான். பிரிந்து எட்டு மாதமாகிறது. இன்றும் மல்லிகை வாசம் வந்தால் அவளுக்குத் தொண்டை இறுகுகிறது, உள்ளங்கை வியர்க்கிறது. பஃப்ளோ சாலையை விட்டு ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கமாகச் சுற்றிப் போகிறாள்.

இதில் மர்மம் ஏதும் இல்லை. கண்ணும் காதும் அனுப்பும் செய்திகள் மூளையில் தாலமஸ் என்ற இடைநிலையத்தைத் தாண்டித்தான் மற்ற பகுதிகளுக்குப் போகின்றன. வாசனைக்கு அந்தத் தரிப்பு கிடையாது. அச்சத்தைக் கையாளும் அமிக்டலாவை அது ஓரிரு எட்டில் அடைந்துவிடுகிறது. உயிர் போகும் என்று உடல் நம்பிய ஒரு கணத்தை ஒட்டி என்னென்ன இருந்தனவோ அத்தனையையும் அமிக்டலா ஆபத்தின் அடையாளங்களாகக் குறித்துக்கொள்ளும். பூவுக்கும் கைக்கும் அது வித்தியாசம் பார்ப்பதில்லை.

பூ வாசத்தைவிட அவளை அதிகம் அரிப்பது ஒரு வாக்கியம். "அவன் அடிச்சதுகூடப் போகட்டும், நானாத்தானே தேடிப் போனேன்? முன்னாடியே தெரிஞ்சிருக்க வேண்டாமா?" காதல் வன்முறைக்குப் பின் வரும் மனக்காயத்தில் ஆறாமல் நிற்பது பெரும்பாலும் இந்த இடம்தான் என்பது என் எண்ணம். அச்சத்தைத் தணிக்கும் வழிகளை உளவியல் நாற்பது ஆண்டுகளாகச் செம்மைப்படுத்தி வைத்திருக்கிறது. இந்த வாக்கியத்தைத் தொடக் கற்றது சற்றுப் பிந்தித்தான்.

1974இல் ஆன் பர்ஜெஸ் என்ற செவிலியரும் லின்டா ஹோம்ஸ்ட்ராம் என்ற சமூகவியலாளரும், பாஸ்டன் நகர மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு வந்த பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களிடம் பேசி, திடுக்கிட்டு எழுவது, கெட்ட கனவு, இடத்தைத் தவிர்ப்பது போன்றவை ஓர் ஒழுங்கில் வருவதை எழுதினார்கள். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களிடமும் கிட்டத்தட்ட இதே ஒழுங்கு தெரிந்தது. 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் இது பிடிஎஸ்டி (மனக்காயத்துக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு) என்ற பெயரோடு ஏறியது. மறு ஆண்டே ஜேம்ஸ் மேக்பீஸ் என்ற சமூகவியலாளர் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் காதல் உறவில் அடி உதை உண்டா என்று கேட்டார். ஐந்தில் ஒருவர் உண்டு என்றார். அதுவரை இது கணவன் மனைவி விவகாரம் என்றே ஆய்வுலகம் எண்ணிக்கொண்டிருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, துணை என்று ஒருவரைக் கொண்டிருந்த 15 முதல் 19 வயதுப் பெண்களில் கிட்டத்தட்ட நான்கில் ஒருவர் அந்தத் துணையிடமே உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வன்முறையைச் சந்தித்திருக்கிறார். ஆண்களும் இதற்கு ஆளாகிறார்கள். இந்த அத்தியாயத்தில் பெண்ணை முன்வைப்பதற்குக் காரணம், கீழே வரும் ஆய்வுகள் பெரும்பாலும் பெண்களிடம் செய்யப்பட்டவை என்பதுதான்.

அடிபட்ட எல்லோருக்கும் பிடிஎஸ்டி நிலைத்துவிடுவதில்லை. 1992இல் பார்பரா ராத்பாமும் எட்னா ஃபோவாவும் மற்றவர்களும் பாலியல் வன்முறைக்கு ஆளான 95 பெண்களை வாரந்தோறும் சந்தித்துப் பதிவு செய்தார்கள். இரண்டு வாரத்துக்குள் பார்த்தபோது 94 விழுக்காட்டினருக்கு பிடிஎஸ்டி என்று சொல்லத்தக்க அளவுக்கு அறிகுறிகள் இருந்தன. மூன்று மாதம் கழித்து 47 விழுக்காடு. பாதிப் பேருக்கு மனம் தானாக ஆறியிருந்தது. மிச்சப் பாதிப் பேருக்கு ஏன் ஆறவில்லை என்பதிலிருந்துதான் இன்றைய சிகிச்சைகள் பிறந்தன.

ஃபோவாவின் விடை: தவிர்ப்பது. பஃப்ளோ சாலையைச் சுற்றிப் போகும் ஒவ்வொரு முறையும் அவளுக்கு அந்த நேரத்து நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதியே "போயிருந்தால் என்ன ஆகியிருக்குமோ" என்ற பாடத்தை ஊட்டி வளர்க்கிறது. அந்தச் சாலையில் ஒன்றும் நடக்காது என்பதை அறிய மூளைக்கு வாய்ப்பே தரப்படுவதில்லை. ஃபோவா வகுத்த நீடித்த எதிர்கொள்ளல் சிகிச்சை 8 முதல் 15 அமர்வுகள் வரை போகும், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். அதில் ஒரு பகுதி நினைவை எதிர்கொள்வது. கண்ணை மூடி, அந்த இரவை நிகழ்காலத்தில் சொல்ல வேண்டும்: "படிக்கட்டில் நிற்கிறேன், விளக்கு மினுக்குகிறது, அவன் கை மேலே வருகிறது." பதிவு செய்த அந்தக் குரலை வீட்டில் தினமும் கேட்க வேண்டும். இன்னொரு பகுதி இடத்தை எதிர்கொள்வது. பயத்துக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் போட்டு ஓர் ஏணி கட்டுவார்கள். நம்முடைய பெண்ணின் ஏணியில் முதல் படி, வீட்டில் ஒரு முழம் பூவை மேசைமீது வைத்துவிட்டு எதிரே உட்காருவதாக இருக்கலாம், மதிப்பெண் 30. பகலில் தோழியோடு பஃப்ளோ சாலை 45. தனியாக 60. தீபாவளிச் சந்தை நெரிசலில் கேம்பல் லேன் 75. அந்தப் படிக்கட்டு 95. ஒவ்வொரு படியிலும் பயம் தணியும்வரை நிற்க வேண்டும், நடுவில் ஓடிவிடக் கூடாது. பழைய அச்சம் அழிந்துபோவதில்லை. "பூ இருந்தும் ஒன்றும் ஆகவில்லை" என்ற புதிய கற்றல் அதன்மேல் ஏறி உட்காருகிறது. அதனால்தான் பல மாதம் கழித்துக் களைப்பான ஒரு நாளில் பழையது தலைகாட்டினால், சிகிச்சை தோற்றுவிட்டது என்று யாரும் பதற வேண்டியதில்லை.

இங்கே காதல் வன்முறை மற்ற விபத்துகளிலிருந்து விலகுகிறது. சாலை விபத்தில் சிக்கியவரைத் துரத்திக்கொண்டு அந்தக் கார் மறுபடியும் வராது. முன்னாள் காதலன் வருவான். அவள் தவிர்க்கும் இடத்தில் அவன் நிஜமாகவே நிற்கக்கூடும் என்றால், அந்தத் தவிர்ப்பு நோயின் அறிகுறி ஆகாது, புத்திசாலித்தனம். சாம்பிராணிப் புகைக்கு அலறும் தீயெச்சரிக்கை மணியைச் சரிசெய்யலாம். வீட்டில் உண்மையிலேயே நெருப்பு இருக்கும்போது மணியைக் கழற்றுவது கொலைபாதகம். ஆகவே பொறுப்பான சிகிச்சையாளர் ஏணி கட்டுவதற்கு முன் சில சாதாரணக் கேள்விகளைக் கேட்பார். அவன் எங்கே வேலை செய்கிறான்? உன் வேலை நேரம் அவனுக்குத் தெரியுமா? கைப்பேசியில் இடங்காட்டி இன்னும் பகிர்வில் இருக்கிறதா? கடைசியாக எப்போது குறுஞ்செய்தி வந்தது? சிங்கப்பூர் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு எம்ஆர்டியில் ஒரு மணி நேரச் சொச்சத்தில் போய்விடக்கூடிய தீவு. வெளியூருக்குப் போய் மறைந்துகொள்ளும் வசதி இங்கே யாருக்கும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சிராங்கூன் சாலையில் தெரிந்த முகம் எதிர்ப்படாமல் நடப்பது அரிது.

ஒரு கேள்வியை மட்டும் எந்தச் சூழலிலும் விடக் கூடாது: கழுத்தை எப்போதாவது நெரித்தானா? வெளியில் தழும்பே இல்லாமல் போகும் வன்முறை இது. அதனால் பலர் தாமாகச் சொல்வதில்லை. கொல்லப்பட்ட, கொலை முயற்சிக்கு ஆளான அமெரிக்கப் பெண்களின் வழக்குகளை நான்சி கிளாஸ், ஜாக்குலின் கேம்பல் குழு ஆராய்ந்து 2008இல் எழுதியது. முன்பு துணையால் கழுத்து நெரிக்கப்பட்டிருந்தால், பின்னாளில் அவன் கையால் கொல்லப்படும் அபாயம் ஏழு மடங்குக்கும் மேல் கூடியிருந்தது. 2020 ஜூலையில் சிங்கப்பூரைக் கொந்தளிக்க வைத்த வழக்கை இந்த வெளிச்சத்தில் திரும்பிப் பார்க்கலாம். உறவை முறித்துக்கொண்ட பெண்ணின் வீட்டுக்கு 2019 மே மாதம் போன பல் மருத்துவ மாணவர் ஒருவர், அவள் மயங்கும்வரை கழுத்தை நெரித்தார், கண்ணில் கட்டைவிரலை வைத்து அழுத்தி இரத்தம் வரச் செய்தார். நீதிமன்றம் விதித்தது 12 நாள் குறுகிய காலத் தடுப்புக்காவல், தினசரி முன்னிலையாகும் ஆணை, 80 மணி நேரச் சமூக சேவை. அவருடைய எதிர்காலம் கருதப்பட்டது, அவளுடைய கழுத்து எங்கே கருதப்பட்டது என்று மக்கள் கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான்.

சட்டத்தில் இன்னொரு விசித்திரம் உண்டு, இது சிகிச்சை அறைக்குள்ளும் நுழைகிறது. 1961இன் மாதர் சாசனம் மனைவியைக் காக்கிறது. டாக்டர் கன்வல்ஜித் சோயின் 1995இல் கொண்டுவந்த குடும்ப வன்முறை மசோதா நிறைவேறவில்லை என்றாலும், அதன் சாரம் பெருமளவு 1996 திருத்தத்தில் சேர்ந்தது. தனிநபர் பாதுகாப்பு ஆணை இன்றும் குடும்ப உறுப்பினருக்கு உரியது. காதலி அந்தக் கதவுக்கு வெளியே. அவள் போகவேண்டியது 2014இல் வந்த துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டத்திடம். அதன்கீழ் பாதுகாப்பு ஆணை கேட்கலாம், அவசரம் என்றால் துரித ஆணையும் உண்டு. இதற்கென்றே 2021 ஜூனில் தனி நீதிமன்றம் வந்தது. பின்தொடர்வதும், ஒருவரின் தனிப்பட்ட விவரங்களை இணையத்தில் பரப்பித் துன்புறுத்துவதும் குற்றங்கள். 2020 ஜனவரி 1 முதல் நெருக்கமான உறவில் உள்ளவரைத் தாக்கினால் உச்சத் தண்டனையை இரு மடங்கு வரை உயர்த்தலாம். நெருக்கமான உறவா என்று முடிவு செய்ய நீதிமன்றம் பார்க்கும் பல விஷயங்களில் ஒன்று, நண்பர்களும் உறவினர்களும் அவர்களை ஜோடியாகப் பார்த்தார்களா என்பது. வீட்டுக்குத் தெரியாமல், சொந்தக்காரர் வராத நேரம் பார்த்து, தேக்காவில் பத்தடி தள்ளி நடந்த ஜோடிக்கு இந்தக் கேள்வி எப்படிக் கேட்கும் என்று யோசித்துப் பாருங்கள். மறைத்து வைத்த காதலில் அடி விழுந்தால் சாட்சியும் மறைந்துதான் கிடக்கிறது.

மறைவு மனத்துக்குள் செய்யும் வேலை இன்னும் பெரியது. பெற்றோர் பார்த்து முடித்த கல்யாணத்தில் கணவன் அடித்தால் பழியைப் பங்கு போட்டுக்கொள்ள நாலு பேர் இருக்கிறார்கள். தரகர், ஜோசியர், "நல்ல குடும்பம்" என்று சொன்ன பெரியப்பா. காதலில் அடிபட்டவளுக்கு அந்த ஆறுதலும் கிடையாது. தேர்ந்தெடுத்தது அவள் ஒருத்தி. வீட்டில் சொன்னால், அடித்தவனைப் பற்றிய பேச்சு ஐந்து நிமிஷத்தில் முடிந்து காதலித்தவளைப் பற்றிய பேச்சு விடியும்வரை நடக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

இனி "முன்னாடியே தெரிஞ்சிருக்க வேண்டாமா?" என்ற அந்த வாக்கியத்துக்கு வருவோம். 1972இல் அமெரிக்க அதிபர் நிக்சன் பீக்கிங்குக்கும் மாஸ்கோவுக்கும் போவதாக இருந்தது. அந்தப் பயணத்தில் என்னென்ன நடக்க வாய்ப்புண்டு, எத்தனை விழுக்காடு என்று இஸ்ரேலிய மாணவர்களிடம் பாரூக் ஃபிஷ்ஹாஃபும் ருத் பெய்த்தும் முன்கூட்டியே கேட்டு வாங்கி வைத்தார்கள். பயணம் முடிந்தபின், "அன்று நீங்கள் சொன்ன எண்ணை நினைவுகூருங்கள்" என்றார்கள். நடந்துவிட்ட சம்பவங்களுக்கு, தாம் உண்மையில் சொன்னதைவிடக் கூடுதல் எண்ணைச் சொன்னதாகவே பலரும் நினைவுகூர்ந்தார்கள். பொய் சொல்லவில்லை. நடந்தது தெரிந்தபின், தெரியாதிருந்த நிலையை மனத்தால் மீட்க முடியவில்லை. 1975இல் வெளியான இந்தச் சோதனை காட்டும் பிசகு, பங்குச்சந்தையிலும் கிரிக்கெட்டிலும் நம் எல்லோரையும் தினமும் ஏமாற்றுவது. அடிபட்டவர் விஷயத்தில் அதே பிசகு தண்டனைத் தீர்ப்பாகிவிடுகிறது.

ஹவாயில் எட்வர்ட் குபானி என்ற உளவியலாளர் இதைப் பிடித்துக்கொண்டார். வியட்நாம் வீரர்களின் குற்றவுணர்வைப் பல ஆண்டு கேட்டவர் அவர். துணையிடம் அடிபட்ட பெண்களுக்காக அவர் வகுத்த சிகிச்சையின் மையம் குற்றவுணர்வு. அதை நாலாகப் பிரிக்கிறார்: முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்ற எண்ணம், நான் செய்ததற்கு நியாயமே இல்லை என்ற எண்ணம், நடந்ததற்கு நானே பொறுப்பு என்ற எண்ணம், என் நெறிகளை நானே மீறிவிட்டேன் என்ற எண்ணம். நாலையும் ஒவ்வொன்றாகச் சாட்சிக்கூண்டில் ஏற்றி விசாரிப்பார். ஆலோசகர் "உன் மேல் தப்பில்லைம்மா" என்று ஆறுதல் சொல்வதில்லை. அது கேட்பவரின் காதோடு போய்விடும். நம்முடைய பெண்ணின் அமர்வு ஒன்று இப்படிப் போகலாம்:

"முதல் மாசத்துல அவன் எப்படி இருந்தான்?"

"நல்லாத்தான் இருந்தான்க்கா. நைட் ஷிஃப்ட் முடிஞ்சா எம்ஆர்டி வாசல்ல வந்து நிப்பான். புளோக் கீழ வரைக்கும் கொண்டுவந்து விடுவான்."

"அதைப் பார்த்து அன்னிக்கு நீங்க என்ன நினைச்சீங்க?"

"அக்கறைன்னு நெனச்சேன்."

"உங்க ஃபிரண்ட்ஸ்?"

"கொடுத்து வச்சவன்னாங்க."

"பின்னாடி இவன் கழுத்தைப் பிடிப்பான்னு அன்னிக்கே தெரிஞ்சிருந்தா, அடுத்த நாள் போயிருப்பீங்களா?"

"சத்தியமா போயிருக்க மாட்டேன்."

"போனீங்கள்ல? அப்போ அன்னிக்கு உங்களுக்கு என்ன தெரிஞ்சிருந்தது?"

கடைசிக் கேள்விக்குப் பதில் அன்றைக்கே வராமல் போகலாம். வீட்டில் எழுதிக்கொண்டு வரும்படி ஒரு தாள் கொடுப்பார்கள். ஒரு பத்தியில் அந்த எண்ணம், அடுத்ததில் அதற்கு ஆதரவான சாட்சி, அதற்கடுத்து எதிரான சாட்சி. அறிந்தது எப்போது அறிந்தது என்று தேதி போட்டு எழுதச் சொல்வதும் உண்டு. பாஸ்வேர்டு கேட்டது மார்ச், அறை ஆகஸ்ட். ஆகஸ்டில் கிடைத்த அறிவை வைத்து மார்ச்சில் இருந்தவளைத் தண்டிக்கிறோம் என்பது தாளில் பார்க்கும்போது கண்ணில் குத்தும். இதோடு தன்னைத் தானே திட்டிக்கொள்ளும் சொற்களை நாள்தோறும் கணக்கெடுப்பது, முன்னாள் துணை மறுபடி தொடர்புகொண்டால் சமாளிக்கும் விதம், ஆபத்தான ஆளை அடுத்த முறை இனங்காண்பது ஆகியவையும் பாடத்தில் உண்டு. 2004இல் பல இனங்களைச் சேர்ந்த 125 பெண்களிடம் செய்த சோதனையில், சிகிச்சையை முடித்தவர்களில் 87 விழுக்காட்டினர் பிடிஎஸ்டி நிலையிலிருந்து வெளியே வந்தார்கள். முடித்தவர்களில் என்பதை அழுத்திப் படிக்க வேண்டும். நடுவில் நின்றவர்களைச் சேர்த்தால் எண் இறங்கும். எனக்கு அதைவிடச் சுவையானது வேறொரு முடிவு: சிகிச்சை தந்தவரின் படிப்புத் தகுதி கூடினாலும் குறைந்தாலும் பலன் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. நல்ல பயிற்சி பெற்ற சமூக சேவையாளர் செய்யக்கூடிய வேலை இது.

இதே பாதையில் வந்த, உலகெங்கும் இன்னும் அதிகம் புழங்குவது பட்ரீஷியா ரெசிக்கின் அறிதல் சீராக்கச் சிகிச்சை. 12 அமர்வுகள். இது ஏன் எனக்கு நடந்தது என்று நான் நினைக்கிறேன் என ஒரு பக்கம் எழுதுவதில் தொடங்கி, அந்தப் பக்கத்தில் மாட்டிக்கொண்ட எண்ணங்களைத் தேடிப் பிடித்து, பாதுகாப்பு, நம்பிக்கை, அதிகாரம், மதிப்பு, நெருக்கம் என்ற ஐந்து தலைப்பு வழியாகப் போகிறது. 2008இல் ரெசிக் தம் சிகிச்சையைத் தாமே பிரித்துப் போட்டுச் சோதித்தார். 150 பெண்கள். சம்பவத்தை விவரமாக எழுதச் சொல்லாமல், எண்ணங்களை மட்டும் விசாரித்த பிரிவும் நன்றாகவே தேறியது. கழுத்தில் கை விழுந்த கணத்தைத் திரும்பச் சொல்ல முடியாது என்பதற்காகவே ஆலோசகரிடம் போகாமல் இருப்பவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு இந்தச் செய்தி போய்ச் சேர வேண்டும்.

கண்ணசைவுச் சிகிச்சை என்ற இஎம்டிஆர் பற்றியும் கேட்பார்கள். பிரான்சீன் ஷப்பீரோ 1989இல் முன்வைத்தது. காட்சியை நினைத்தபடி, சிகிச்சையாளரின் அசையும் விரலைக் கண்ணால் தொடர வேண்டும். பலன் தருகிறது என்பதில் தகராறு குறைவு, விரல் அசைவது அவசியமா என்பதில் தகராறு தீரவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2013இல் பிடிஎஸ்டிக்குப் பரிந்துரைத்தவற்றில் இதுவும் ஒன்று. வேலை செய்யாதது எது என்பதில் ஓரளவு உடன்பாடு இருக்கிறது. சம்பவம் நடந்த கையோடு உட்காரவைத்து, எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்துவிடு என்று ஒரே அமர்வில் பேசவைப்பது உதவுவதில்லை, சிலருக்குத் தீங்காகவும் முடிந்திருக்கிறது. அக்கறையுள்ள உறவினர்கள் இதைத்தான் முதலில் செய்கிறார்கள். ஆரம்ப வாரங்களில் வேண்டியது தூக்கம், பாதுகாப்பான இடம், அவசரப்படுத்தாத ஓர் ஆள்.

அடித்த மறுநாள் பூவோடு வந்தவனிடம் அவள் ஏன் திரும்பத் திரும்பப் போனாள்? கனடாவில் டொனால்ட் டட்டனும் சூசன் பெயின்டரும் 1981இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். ஒருவர் கை ஓங்கியிருக்கும் உறவில், கொடுமையும் அன்பும் எப்போது எது வரும் என்று தெரியாதபடி மாறி மாறி வந்தால், பிணைப்பு தளராமல் இறுகுகிறது. எப்போதாவது மட்டும் தீனி விழும் பெட்டியின் நெம்புகோலை எலி விடாமல் அழுத்திக்கொண்டே இருக்கும் என்று நடத்தையியல் சோதனைகள் ஏற்கெனவே காட்டியிருந்தன. பிரிந்து சில மாதம் கழித்து ஏக்கம் பொங்கும்போது, "இன்னும் அவன்மேல ஆசை இருக்கு, அப்போ நான் சொன்னதெல்லாம் பொய்யா?" என்று பெண்கள் தங்களையே சந்தேகிக்கிறார்கள். ஏக்கமும் அந்த உறவின் தழும்புதான் என்று புரிந்தவருக்கு, நள்ளிரவில் வரும் "சாரி" குறுஞ்செய்திக்குப் பதில் போடாமல் இருப்பது கொஞ்சம் சுலபமாகிறது.

உதவி கேட்டுப் போக சிங்கப்பூரில் கதவுகள் உண்டு. சுதா நாயர் 1999இல் அங் மோ கியோவில் தொடங்கிய பேவ், குடும்ப வன்முறைக்கென்றே எழுந்த முதல் சிறப்பு நிலையம். காதல் உறவு வன்முறையையும் அது கையாள்கிறது. 1985இல் தொடங்கிய அவேர் அமைப்பு, பாலியல் வன்முறைக்கு ஆளானோருக்குத் தனி நிலையம் நடத்துகிறது. 2021 ஜனவரியில் வந்த தேசிய வன்முறைத் தடுப்பு, பாலியல் துன்புறுத்தல் உதவி எண் 1800-777-0000 நாள் முழுதும் இயங்குகிறது. மனநலக் கழகத்தின் சாட் சேவை 16 முதல் 30 வயது வரையிலானோருக்கு. தேக்காவிலிருந்து புக்கிட் தீமா சாலை வழியே சற்று நடந்தால் கேகே மகளிர், சிறார் மருத்துவமனை. இன்னொரு பக்கம் பீட்டி சாலையில், 1991இல் உருவான இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் குடும்பச் சேவை நிலையம். அருகில் இருப்பதே சிலருக்குத் தடை. தேக்கா பக்கம் சிண்டா வாசலில் நின்றால் அத்தை பார்த்துவிடுவாள் என்று, தமிழ் பேசும் ஆலோசகரை விட்டுவிட்டு ஆங்கிலத்தில் பேச வேறு வட்டாரம் தேடிப் போகிறவர்கள் இருந்தால் எனக்கு வியப்பில்லை. அப்படிப் போனாலும் நல்லதுதான். ஆனால் "நானாத்தானே தேடிப் போனேன்" என்று மனம் தமிழில் திட்டிக்கொண்டிருந்தால், தாளிலும் அதைத் தமிழிலேயே எழுதச் சொல்லும் ஆலோசகர் கெட்டிக்காரர்.

முதல் சந்திப்பில் நாமும் கேட்கலாம். பிடிஎஸ்டிக்கு எந்த முறையைப் பயன்படுத்துகிறீர்கள்? ஏறத்தாழ எத்தனை அமர்வு? வீட்டில் செய்ய வேலை தருவீர்களா? முன்னேற்றத்தை எப்படி அளப்பீர்கள்? மாதக்கணக்கில் வாராவாரம் போய் அழுதுவிட்டு வருவது ஆறுதல் தரும், ஆனால் எந்த முறையும் இல்லாத ஆறுதல் பேச்சு மேலே சொன்ன சிகிச்சைகளுக்கு ஈடாகாது.

கேட்பதற்குச் சங்கடமான ஒரு விஷயத்தை 2011இல் கேத்ரின் ஐவர்சனும் ரெசிக்கும் மற்றவர்களும் ஆராய்ந்தார்கள். வன்முறைக்கு ஆளானவர் மறுபடியும் வேறொருவரிடம் அடிபடுவது ஏன்? சிகிச்சையில் பிடிஎஸ்டியும் மனச்சோர்வும் குறைந்த பெண்கள், அடுத்த ஆறு மாதத்தில் துணையிடம் வன்முறையைச் சந்திப்பதும் குறைந்திருந்தது. அடிப்பவன் அடிப்பதற்கு அவள் பொறுப்பல்ல, அதில் மாற்றமில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் துடித்துத் துடித்து மரத்துப்போன எச்சரிக்கை உணர்வு, நிஜ ஆபத்தை அடையாளம் காணும் திறனையும் இழந்துவிடுகிறது. அது திரும்பக் கிடைத்தால் பாஸ்வேர்டு கேட்கும் அடுத்தவனிடம் "எதுக்கு?" என்று கேட்க வருகிறது.

இந்தச் சிகிச்சைகள் பெரும்பாலும் பிரிந்து வந்தவர்களுக்கு. குபானி தம் சோதனைகளில் உறவை விட்டு வெளியேறியவர்களை மட்டுமே சேர்த்தார். இன்னும் அவனோடு இருக்கும் பெண்ணிடம் பயத்தைக் குறைக்கும் சிகிச்சை செய்வது சரியா என்பதில் துறைக்குள்ளேயே தயக்கம் இருக்கிறது. டான் ஜான்சனும் கேரன் ஸ்லாட்னிக்கும் அமெரிக்கப் புகலிடங்களில் தங்கியிருந்த 70 பெண்களிடம், நினைவைக் கிளறாமல், பாதுகாப்பையும் அன்றாட முடிவுகளையும் முன்வைத்த ஒரு சிகிச்சையைச் சோதித்து 2011இல் எழுதினார்கள். நம்பிக்கை தரும் தொடக்கம் அது. சிங்கப்பூரில் காதல் வன்முறைக்கு ஆளாகும் இளம்பெண் புகலிடத்துக்கு வருவது அரிது. அவள் அப்பா அம்மாவோடு வீவக வீட்டில்தான் இருக்கிறாள், பக்கத்து அறையில் தம்பி படித்துக்கொண்டிருக்கிறான், கைப்பேசி தலையணைக்கு அடியில் அதிர்கிறது. அவளை எட்டக்கூடியவர் பலதுறைத் தொழிற்கல்லூரியின் ஆலோசகராகவோ, சளிக்கு மருந்து எழுதும்போது கழுத்தைப் பார்த்துவிட்ட பேட்டை கிளினிக் மருத்துவராகவோ இருக்கலாம். அவர்கள் இருவருக்கும் 12 அமர்வு நேரம் கிடையாது. பத்து நிமிஷம் இருக்கிறது. அந்தப் பத்து நிமிஷத்தில் எதைக் கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது என்பதற்கான சோதனைகள் இனிமேல்தான் பெருகவேண்டும்.